பணக்காரரிடம் கூடுதலாக வரி எடுப்பது நியாயமா? அதற்கு முதல், பணக்காரர் யார்?

வெள்ளவத்தைவாசி:
பணக்காரர் கூடுதலாக வரி கட்டத்தான் வேண்டும் என்று பள்ளிக்கூடக் காலத்திலிருந்தே வாய் கிழியக் கதைத்தவன் நான். இப்போது சம்பளம் நாலு லட்சம், மாதம் 50,000 ரூபாய் கைக்கு வராமலே வரியாகப் போகிறது. 2023இல் இலங்கையில் வரியைக் கூட்டியபோது இதே சம்பளத்துக்கு 70,500, 2025 ஏப்ரலில்தான் கொஞ்சம் இறங்கியது. சரி, கட்டுகிறேன், அதில் சண்டை இல்லை.

என் வயிற்றெரிச்சல் வீட்டுக்காரரைப் பற்றியது. கொழும்பில் காலி வீதிக்கும் கடலுக்கும் நடுவில் ஒரே ஒழுங்கையில் அவருக்கு மூன்று பிளாட். 5ஆம் திகதி வாடகையை என்வலப்பில் போட்டுக் கொண்டுபோய்க் கொடுப்பேன், விரலில் எச்சில் தொட்டு இரண்டு தரம் எண்ணி அலுமாரிக்குள் வைப்பார், ரசீது கிடையாது. வருமான வரிக்குப் பைல் திறந்ததே இல்லை என்று பெருமையாகச் சொல்வார். ஆக வருமான வரியின் உச்சமான 36 வீதத் தட்டில் நிற்கிற பணக்காரன் நான், அவர் கணக்கிலேயே இல்லாத ஓய்வுபெற்ற பெரியவர். இதில் எந்த நியாயத்தைப் பற்றிப் பேசுகிறோம்?

குறுக்குத்தெரு முதலாளி:
தம்பி, உங்களுக்கு மாசம் முடிந்தால் சம்பளம். நான் புறக்கோட்டையில் மொத்த வியாபாரம். 2022 மார்ச் தொடக்கத்தில் டொலர் 200இல் நின்றது, மே மாதம் 360. கடனுக்கு எடுத்த சரக்குக்குக் கணக்குத் தீர்க்கும்போது விற்ற விலை முதலுக்கே காணாது. அந்த நட்டத்தில் பங்குக்கு அரசாங்கம் வரவில்லை, இலாபம் வந்தால் மட்டும் 36 வீதம் பங்காளி. கூட உழைக்கிறவனைப் பிடித்துக் கூட அடிப்பதுதான் நியாயமென்றால் எவன் கடை திறப்பான்? எல்லாருக்கும் ஒரே வீதம், ஒரு 15 போடட்டும், எங்கள் தெருவில் பாதிப்பேர் தாங்களாகவே பைல் திறப்பார்கள். கட்டுகிற காசுக்கு என்ன செய்கிறார்கள் என்பது வேறு கதை, அதைத் தொடங்கினால் இரத்த அழுத்தம் ஏறும்.

ஐந்தொகை:
அண்ணா, எல்லாருக்கும் ஒரே வீதம் ஏற்கெனவே இருக்கிறதே, அதற்குப் பெயர் வற் (VAT), பொருள் வாங்கும்போது விலையோடு சேர்த்துக் கட்டுகிற வரி. எங்கள் ஒடிட் ஆபீஸில் தேநீர் போடுகிற அக்கா கொட்டாஞ்சேனையிலிருந்து பஸ்ஸில் வருகிறவர். 12.5 கிலோ காஸ் சிலிண்டர் வாங்கும்போது அவர் கொடுக்கும் 18 வீதமும் நீங்கள் கொடுக்கும் 18 வீதமும் ஒரே தொகை. 2024 ஜனவரிவரை காஸுக்கு வற் இருக்கவில்லை. சிலிண்டர் முடிகிற வாரம் அவர் மத்தியானச் சாப்பாடு கொண்டுவருவதில்லை, பிளேன்டீயும் பிஸ்கட்டும்தான். பிஸ்கட்டுக்கும் வற் உண்டு, சொல்லிவிட்டேன்.

வரியைக் குறைத்தால் எல்லாரும் தாங்களாக வருவார்கள் என்பதையும் இந்த நாடு செய்து பார்த்துவிட்டது. 2019 டிசம்பரில் வற்றை 15இலிருந்து 8க்கு இறக்கினார்கள். வருமான வரியும் வருடம் 30 லட்சத்துக்கு மேலேதான் தொடங்கும், உச்சம் 18 வீதம் என்று மாற்றினார்கள். யார் வந்தார்? 2022இல் வரி வருமானம் மொத்த உள்நாட்டு உற்பத்தியில் 7.3 வீதம், அந்த ஏப்ரலிலேயே வெளிநாட்டுக் கடன் கட்ட முடியாதென்று கையை விரித்தோம். பிறகு வற் அதே வருடம் 12, அடுத்து 15, 2024இல் 18. வெட்டியபோது அதிகம் மிஞ்சியது உங்களைப் போன்றவர்களுக்கு, திருப்பிக் கட்டுவதில் அக்காவுக்கும் பங்கு.

வெள்ளவத்தைவாசிக்கு: இங்கே வரி போடும்போது வருமானத்தைத்தான் பார்க்கிறோம், சொத்தைப் பார்ப்பதில்லை. டிவிடெண்டுக்கு (கம்பெனி பங்குதாரருக்குக் கொடுக்கும் இலாபப் பங்கு) 15 வீதத்தோடு முடிந்தது. தனிநபர் கொழும்புப் பங்குச் சந்தையில் பங்கு விற்று எடுக்கும் இலாபத்துக்கு மூலதன ஆதாய வரி இல்லை. அப்பா விட்டுப்போன காணிக்கு மரபுரிமை வரியும் இல்லை. 1950களின் கடைசியில் நிக்கலஸ் கால்டோர் என்ற கேம்பிரிட்ஜ் பொருளியலாளர் சொல்லி இங்கே செல்வ வரி, அதாவது ஒருவரின் மொத்தச் சொத்துக்கு வரி, போட்டார்கள், 1990களில் அதையும் எடுத்துவிட்டார்கள். அதனால் கூட வரி என்றாலே சம்பளப் பட்டியலில் பெயர் இருப்பவன் தலையில்தான் விழும்.

அரைக்காற்சட்டை எஞ்சினியர்:
நான் வெளிநாட்டுக் கம்பெனிக்கு வீட்டிலிருந்து கோட் எழுதுகிறேன். 2025 ஏப்ரல்வரை வங்கியூடாக வரும் டொலருக்கு வரியே இல்லை, இப்போது உச்சம் 15 வீதம். மாதம் ஐந்து லட்சத்துக்கு 45,000 வருகிறது, அதாவது வெள்ளவத்தைவாசியை விட ஒரு லட்சம் கூட எடுத்து 5,000 ரூபாய் குறைவாகக் கட்டுகிறேன். கொஞ்சம் வெட்கமாகத்தான் இருக்கிறது. ஆனாலும் 36 கட்டு என்றால் டுபாய்க்குப் போய்விடுவேன் என்று முதல் ஆளாகக் கத்துவேன். (போகமாட்டேன், அம்மா இங்கே.)

குறுக்குத்தெரு முதலாளி:
இதோ, ஓடப்போகிறேன் என்று சொன்னவனுக்கு 15, கடையைத் தூக்கிக்கொண்டு ஓட முடியாத எனக்கு 36. காஸ் கதையை ஒத்துக்கொள்கிறேன் ஐந்தொகை, அதற்கு வற்றை எடுக்கட்டும். ஆனால் சொத்துக்கு வரி போட்டால் காணி மட்டும் வைத்துக்கொண்டு கையில் காசில்லாத கிழவிகள் என்ன செய்வார்கள்?

ஐந்தொகை:
ஒரு வீடு வரைக்கும் விட்டுவிடலாம் அண்ணா, மூன்றாவது பிளாட்டில் தொடங்கலாம். வெள்ளவத்தைவாசி, நீங்கள் ஒரு தரமாவது ரசீது கேட்டீர்களா?

வெள்ளவத்தைவாசி:
கேட்டேன், போன வருடம். "தாராளமாகத் தரலாம் தம்பி, ஆனால் வாடகை 15,000 கூடும்" என்றார். மகளின் பள்ளிக்கூடம் நடை தூரம், இந்த விலையில் வேறு வீடு இல்லை. அடுத்த 5ஆம் திகதியும் என்வலப்போடுதான் போனேன்.