ஆக்ஸிஜன் சென்சரைக் கழுவினால் போதுமா, மாற்றித்தான் ஆக வேண்டுமா?

அம்பை_பயணி எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். நான் ஓட்டுவது 2018-ஆம் ஆண்டு பி.எஸ். 4 (பாரத் ஸ்டேஜ் 4 என்ற புகை விதிக்கு உட்பட்ட) பெட்ரோல் வண்டி. அம்பாசமுத்திரத்திலிருந்து சேரன்மகாதேவி வழியாக நெல்லை வண்ணார்பேட்டைக்கு வேலைக்குப் போய் வருவதுதான் அதன் அன்றாட ஓட்டம். சில வாரங்களாக எஞ்சின் விளக்கு எரிந்துகொண்டே இருக்கிறது. லிட்டருக்குப் பதினெட்டு கொடுத்த வண்டி இப்போது பதினைந்தைத் தாண்டுவதில்லை. ஐட்லிங்கில் நிற்கும்போது சைலன்சர் பக்கம் பெட்ரோல் வாடையும் வருகிறது.

ஸ்கேனர் போட்டுப் பார்த்ததில் பி0133 என்ற ஒரே ஒரு கோடு (பழுதுக் குறியீடு) வந்தது. புகையின் நச்சைக் குறைக்கும் கேட்டலிடிக் கன்வெர்ட்டருக்கு முன்னால், புகையில் உள்ள ஆக்ஸிஜனை அளப்பதற்காக இருக்கும் ஆக்ஸிஜன் சென்சர் மெதுவாக வேலை செய்கிறது என்று அதற்குப் பொருள் சொன்னார்கள். ஒரு மெக்கானிக், "கழற்றிக் கழுவிப் போட்டால் சரியாகிவிடும், ஐநூறு ரூபாய் கொடுங்கள்" என்கிறார். இன்னொருவர், மாற்றியே ஆக வேண்டும், கூலியோடு நாலாயிரத்தைத் தாண்டும் என்கிறார். புகைச் சான்று அடுத்த மாதம் முடிகிறது. இதற்கு முன் செய்த வேலை என்று பார்த்தால், எஞ்சினின் மேல்மூடியான டாப்பெட் கவரில் ஆயில் கசிந்ததால் பேஸ்ட் வைத்து அடைத்தது மட்டும்தான். விவரம் அறிந்தவர்கள் சொன்னால் உதவியாக இருக்கும்.

சாரல்_தென்காசி எழுதியது:

எடுத்த எடுப்பிலேயே நாலாயிரம் செலவழிக்க வேண்டாம் என்பதே என் கருத்து. என் வண்டியில் பெட்ரோலைப் பீய்ச்சும் இன்ஜெக்டர் ஒழுகி, சென்சர் முனை முழுவதும் கரி அப்பிக்கொண்டது. இன்ஜெக்டரைச் சரிசெய்த பிறகு சென்சரைக் கழற்றி, இரவு முழுவதும் பெட்ரோலில் ஊற வைத்து, பழைய பல் தேய்க்கும் பிரஷ்ஷால் தேய்த்து மாட்டினார்கள். விளக்கு அணைந்தது. குற்றால சீசன் முழுக்க அந்த வண்டியில்தான் மலையேறி இறங்கினேன், ஒரு தொந்தரவும் இல்லை.

பாளை_பட்டறை எழுதியது:

தென்காசித் தம்பி சொல்வது பொய்யில்லை. ஆனால் அங்கே வேலை செய்தது பெட்ரோல் ஊறல் என்று நான் எடுத்துக்கொள்ள மாட்டேன். இன்ஜெக்டரைச் சரிசெய்ததால்தான் கரி படிவது நின்றது. ஏற்கெனவே படிந்த கரி, நாலு வழிச் சாலையில் அரை மணி நேரம் ஒரே சீராக ஓட்டினாலே பெரும்பாலும் எரிந்து போய்விடும், ஏனென்றால் அந்தச் சென்சர் வேலை செய்யத் தொடங்குவதே 300 டிகிரி சூட்டுக்கு மேல்தான். அதற்கென்றே உள்ளே ஒரு ஹீட்டரும் வைத்திருக்கிறார்கள். கழுவினால் நீங்கக்கூடிய அழுக்கு கழுவாமலே நீங்கும். கழுவாமல் நீங்காத அழுக்கோ கழுவினாலும் நீங்குவதில்லை.

காரணத்தைச் சொல்கிறேன். துளையிட்ட உலோக மூடிக்குள் இருப்பது சிர்கோனியா என்ற பீங்கான். அதன் இரு பக்கமும் மெல்லிய பிளாட்டினப் பூச்சு உண்டு. ஒரு பக்கத்தில் புகையும் மறுபக்கத்தில் வெளிக்காற்றும் படும்போது, இரண்டிலும் உள்ள ஆக்ஸிஜன் வித்தியாசத்துக்கு ஏற்ப அது மின்னழுத்தத்தை உண்டாக்குகிறது. பெட்ரோல் கூடினால் 0.9 வோல்ட் அளவுக்கும், காற்று கூடினால் 0.1 வோல்ட் அளவுக்கும் போகும். சூடான எஞ்சினில் இந்த வோல்ட் இடைவிடாமல் மேலும் கீழுமாக ஆடிக்கொண்டே இருக்க வேண்டும், அந்த ஆட்டத்தைப் பார்த்துத்தான் எஞ்சினின் கணினியான இ.சி.யு. பெட்ரோலைக் கூட்டுவதும் குறைப்பதும். பிளாட்டினத்தின் மேல் இருக்கும் நுண்துளைப் பூச்சு அடைபட்டால் புகை உள்ளே போய்ச் சேர நேரமாகிறது, ஆட்டம் மந்தமாகிறது, பி0133 வருகிறது. அந்தத் துளைகளுக்குள் பிரஷ் போகாது. கம்பி பிரஷ்ஷோ ஆசிட்டோ போனால் அழுக்கோடு பூச்சும் போய்விடும். பெட்ரோலில் முழுக்க முக்கி வைத்தால், வெளிக்காற்று போகும் பக்கத்திலும் பெட்ரோல் இறங்கக்கூடும். அதன் பிறகு சென்சர் சொல்லும் கணக்கையே நம்ப முடியாது.

கழுவினால் சரியாகிறது என்ற பேர் எப்படி வந்தது என்றால், மாட்டும்போது பழுதுக் கோடையும் அழித்துவிடுகிறார்கள். இந்த மாதிரிக் கோடு பெரும்பாலும் அடுத்தடுத்து இரண்டு ஓட்டங்களில் பழுது தெரிந்தால்தான் விளக்கை எரிய வைக்கும். அதுவரை வாடிக்கையாளர் சந்தோஷமாகத்தான் இருப்பார்.

இப்போது அம்பைத் தம்பியின் விஷயத்துக்கு வருகிறேன். நீங்கள் போகிற போக்கில் சொன்ன டாப்பெட் கவர் பேஸ்ட்தான் என் கண்ணில் பட்டது. வைத்தது என்ன பேஸ்ட்? வைக்கும்போது வினிகர் போலப் புளித்த வாடை அடித்ததா? கண்ணாடிக்கும் குளியலறைக்கும் போடுகிற சாதாரண சிலிக்கானாக இருந்தால், அதிலிருந்து எழும் ஆவி எஞ்சினுக்குள் சேரும் ஆவியை வெளியே விடும் பி.சி.வி. வால்வு வழியாக, காற்று உள்ளே போகும் இன்டேக்குக்குப் போகும். அங்கிருந்து சிலிண்டரில் எரிந்து, சிலிக்காவாக மாறி, சென்சர் முனையில் வெள்ளையாகப் படியும். மணலும் கண்ணாடியும் ஆன அதே பொருள்தான் அது. எந்தத் திரவத்தாலும் அதைக் கரைத்து எடுத்துவிட்டுச் சென்சரைப் பிழைக்க வைக்க முடியாது. எனவே முதலில் கழற்றி, முனையின் நிறத்தைப் பாருங்கள். உலர்ந்த கரி நிறம் என்றால் பெட்ரோல் கூடுதலாக எரிகிறது. மினுமினுப்பான கரும்பழுப்பு என்றால் ஆயில் எரிகிறது. சுண்ணாம்பு பூசியதுபோல் வெள்ளை என்றால் சிலிக்கான், அல்லது கூலன்ட் உள்ளே கசிகிறது.

கழற்றுவதற்கு முன் இன்னொரு சோதனையும் உண்டு. எஞ்சினை நன்றாகச் சூடாக்கி, 2500 ஆர்.பி.எம்.-இல் நிறுத்தி, ஸ்கேனரின் லைவ் டேட்டாவில் அந்த வோல்ட்டைப் பாருங்கள். பத்து வினாடிக்குள் பல தடவை 0.45-ஐக் கடந்து போய் வந்தால் சென்சருக்கு உயிர் இருக்கிறது. அப்போது சைலன்சர் மேனிஃபோல்டில் காற்று இழுக்கிறதா என்று தேடுங்கள், ஏனென்றால் சென்சருக்கு முன்னால் ஓர் ஊசித்துளை ஓட்டை இருந்தாலும் வெளிக்காற்று கலந்து பொய்க் கணக்கு காட்டும். அந்த ஓட்டையைக் கவனிக்காமல் சென்சரை மட்டும் மாற்றியவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன்.

வள்ளியூர்_காற்று எழுதியது:

அண்ணாச்சி விவரமாகச் சொல்லிவிட்டார்கள். இரண்டு விஷயம் மட்டும் சேர்க்கிறேன்.

முதலாவது, எஞ்சின் விளக்கு எரிந்தாலே 20 சதவீத எத்தனால் பெட்ரோல்மீது பழி போடும் வழக்கம் இப்போது ஊரெல்லாம் இருக்கிறது. எத்தனாலில் ஆக்ஸிஜன் இருப்பதால் இ.சி.யு. பெட்ரோலைச் சற்றுக் கூட்டிக் கொடுக்கும், மைலேஜும் கொஞ்சம் குறையும், அது உண்மைதான். ஆனால் சென்சரை மந்தமாக்குவது அதன் வேலையல்ல.

இரண்டாவது, கழற்றும் முறை. உவரி, கூட்டப்புளி போன்ற கடலோர ஊர்களில் ஓடிய வண்டிகளில் மரை துருவேறி இறுகிப் போயிருக்கும். முந்தின நாளே துரு இளக்கும் ஸ்ப்ரே அடித்து வையுங்கள். எஞ்சின் வெதுவெதுப்பாக இருக்கும்போது, வயர் வெளியே வரப் பக்கவாட்டில் வெட்டு விட்ட 22 எம்.எம். சாக்கெட்டால் திறந்தால் மரை அழியாது. பச்சைத் தண்ணீரை மட்டும் ஊற்றிவிடாதீர்கள், சூடான பீங்கான் விரிசல் விடும். வயர்களையும் ஒருமுறை பாருங்கள், வயல் பக்கம் நிறுத்துகிற வண்டிகளில் எலி கடித்திருப்பது புதிதல்ல. ஆனால் எலி கடித்தால் பெரும்பாலும் ஹீட்டர் கோடான பி0135-ஓ சர்க்யூட் கோடோதான் வரும், உங்களுக்கு வந்தது அதுவல்ல.

அம்பை_பயணி எழுதியது:

மிக்க நன்றி, அண்ணாச்சி. சனிக்கிழமை கழற்றிப் பார்த்தோம். முனை, மூடியின் துளைகள் உட்பட, திருநீறு பூசியதுபோல் வெளுத்திருக்கிறது. லைவ் டேட்டாவில் வோல்ட் மேலே ஏறினால் இறங்குவதற்கு நேரம் எடுத்துக்கொள்கிறது. பேஸ்ட்டைப் பற்றிக் கேட்டதில், ஹார்டுவேர் கடையில் வாங்கிய டியூப்தான், வாடை அடித்தது என்றும் ஒப்புக்கொண்டார்கள். கூலன்ட் மட்டம் குறையவில்லை. எனவே மாற்றுவது என்று முடிவு செய்திருக்கிறேன். இரண்டு சென்சரையும் சேர்த்தே மாற்றிவிடச் சொல்கிறார்கள். அது தேவையா?

பாளை_பட்டறை எழுதியது:

பின்னால் இருக்கும் சென்சரை இப்போது தொட வேண்டாம். அது கேட்டலிடிக் கன்வெர்ட்டர் வேலை செய்கிறதா என்று பார்ப்பதற்குத்தான் முக்கியமாக இருக்கிறது, பெட்ரோல் அளவை முதன்மையாக நிர்ணயிப்பது முன்னால் உள்ளதுதான். அதற்கென்று கோடு வந்தால் பார்த்துக்கொள்ளலாம். பின்னாளில் கன்வெர்ட்டர் சரியாக வேலை செய்யவில்லை என்று சொல்லும் பி0420 வந்தால் மட்டும் சிலிக்கா கன்வெர்ட்டர் வரை போயிருக்கிறதா என்று யோசிக்க வேண்டும்.

புதுச் சென்சரை மாட்டுவதற்கு முன் அந்தப் பேஸ்ட்டை முழுவதும் சுரண்டி எடுத்துவிட்டு, டாப்பெட் கவருக்குப் புது ரப்பர் பேக்கிங் போடச் சொல்லுங்கள். மூலைகளில் பேஸ்ட் தேவைப்பட்டால், சென்சருக்குக் கேடில்லாதது என்று டியூபிலேயே அச்சிட்டிருப்பதை வாங்கி, சொன்ன நேரம் காய விட வேண்டும். இதைச் செய்யாவிட்டால் புதுச் சென்சரும் இதே நிறத்துக்கு வரும், நாலாயிரம் மறுபடியும் போகும். சென்சரை வாங்கும்போது உங்கள் வண்டியின் பார்ட் நம்பரைச் சொல்லி வாங்குங்கள். வயரை வெட்டி ஒட்டுகிற யுனிவர்சல் சென்சர் வேண்டாம், பல சென்சர்களில் வெளிக்காற்றே வயரின் இழைகள் வழியாகத்தான் உள்ளே போகிறது, ஈயப் பற்று வைத்தால் அந்த வழி அடைபடும். மரையில் ஏற்கெனவே கிரீஸ் தடவித்தான் வரும், நீங்கள் தனியாகத் தடவ வேண்டாம், முனையைக் கையாலும் தொட வேண்டாம்.

மாட்டிய பிறகு கோடை அழித்துவிட்டு, சில நாள் வழக்கம்போல் அம்பைக்கும் நெல்லைக்கும் ஓட்டுங்கள். அதற்குப் பிறகு புகைச் சான்றுக்குப் போங்கள், ஐட்லிங்கில் கார்பன் மோனாக்சைடு 0.3 சதவீதத்துக்குள் இருக்க வேண்டும். பெட்ரோல் வாடை அப்போதும் போகவில்லை என்றால் லைவ் டேட்டாவில், இ.சி.யு. பெட்ரோலை எவ்வளவு கூட்டிக் குறைக்கிறது என்று காட்டும் ஃபூயல் டிரிம் எண்களைப் படம் எடுத்து இங்கேயே போடுங்கள், பார்த்துச் சொல்கிறேன்.