‘சக்கைமாவு’ குமரியில் பொருந்தாது: ‘பிழிமீதி மாவு’ என்ற முன்மொழிவு

குழுவினர் அனைவருக்கும் வணக்கம்.

தேங்காய்ப்பால் பிழிந்தபின் துணியில் தங்குவதை உலர்த்தி அரைத்த மாவுக்குச் ‘சக்கைமாவு’ என்றும், அது பேச்சுவழக்காகத் தோன்றினால் ‘கோதுமாவு’ என்றும் பெயர் வைக்கலாம் என்று வந்த இரு முன்மொழிவுகளையும் படித்தேன். கோதுமையும் முட்டையும் பாலும் சேராத கேக், பிஸ்கட் வகைகளைப் பற்றித் தமிழில் எழுதுவோருக்கு இப்படி ஒரு சொல் உடனே தேவை என்பதில் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை. ஆயினும் அந்த இரண்டையும் ஏற்க வேண்டாம் என்று கன்னியாகுமரி மாவட்டத்திலிருந்து கேட்டுக்கொள்கிறேன்.

சாறு போன மிச்சத்தை மதுரையிலும் சென்னையிலும் சக்கை என்பார்கள். திருவிதாங்கூரோடும், பிறகு 1956 நவம்பர் 1 வரை திருவிதாங்கூர்-கொச்சி மாநிலத்தோடும் இருந்த எங்கள் பகுதியிலோ அந்தச் சொல் பலாவுக்கே உரியது. சக்கைப்பழம், சக்கைக்குரு, சக்கை வற்றல், சக்கைப் பிரதமன் என்று எங்கள் அடுக்களையில் அது அன்றாடம் புழங்குகிறது. மார்த்தாண்டம் பக்கத்து மாவுமில் ஒன்றில், உலர்த்திய தேங்காயைக் கையில் வைத்துக்கொண்டு, வேண்டுமென்றே “சக்கை மாவு அரைக்கணும்” என்று சொல்லிப் பார்த்தேன். பையைத் திறந்து பார்ப்பதற்கு முன்பே மில்காரர், “வருக்கையா, கூழனா?” என்று பலாவின் இரு வகைகளைச் சொல்லிக் கேட்டார். அவர் கேட்டது முற்றிலும் நியாயமான கேள்வி. பலாக்காய்ச் சுளையை உலர்த்தி அரைத்த மாவு உண்மையிலேயே விற்பனையில் இருக்கிறது. அதிலும் பசையம் (குளூட்டன்) கிடையாது. அதையும் கோதுமைக்கு மாற்றாகப் பயன்படுத்துகிறார்கள். ஆனால் பலாக்காய் மாவில் மாவுச்சத்து மிகுதி. தேங்காய்ப்பால் பிழிந்தபின் கிடைக்கும் மாவில் நார்ச்சத்து மிகுதியாதலால், அது ஊற்றிய நீரையெல்லாம் உறிஞ்சிக்கொள்ளும். ஒன்றுக்கு எழுதிய அளவை வைத்து மற்றதில் கேக் செய்தால், வீணாவதைக் குறைக்கத் தொடங்கிய வேலை ஒரு தட்டுக் கேக்கையே வீணாக்குவதில் முடியும்.

சக்கை, நார் என்று பொருள்படும் ‘கோது’ எனக்கு மிகவும் பிடித்த சொல். கொட்டையும் கோதும் நீக்கிய புளி என்று இன்றும் சமையல் குறிப்புகளில் எழுதுகிறோம். வேறு எந்தப் பொருளுக்கு இதை முன்மொழிந்திருந்தாலும் ஆதரித்திருப்பேன். இங்கே மட்டும் கூடாது. ‘கோதுமாவு’ என்பதற்கும் ‘கோதுமை மாவு’ என்பதற்கும் இடையில் ஓரெழுத்துத்தான் வேறுபாடு. வேகமாகப் பேசும்போது அதுவும் காதில் விழாது. கோதுமை, பார்லி, ரை ஆகியவற்றின் புரதம் சிறுகுடலைப் பாதிக்கும் சீலியாக் நோயாளிகள்தான் இந்தச் சொல்லை முதலில் படிக்கப்போகிறவர்கள். கிலோவுக்கு 20 மில்லிகிராமுக்கு மேல் பசையம் இருந்தால், அந்த உணவைப் பசையமற்றது என்று விற்க இந்திய உணவுப் பாதுகாப்பு விதிகள் இடம் தருவதில்லை. அவ்வளவு நுணுக்கமாகப் பார்க்கும் இடத்தில், கடைச் சீட்டு எழுதுபவர் ஓர் ‘மை’யைக் கூட்டி எழுதிவிட்டால் வீட்டுக்குக் கோதுமையே வந்து சேரும்.

‘தேங்காய் மாவு’ என்று மட்டும் சொன்னால் போதாதா என்று ஒருவர் கேட்டிருந்தார். பால் பிழியாமல் கொழுப்போடு உலர்த்திப் பொடித்த துருவலையும் கடைகளில் அப்படியே சொல்கிறார்கள். அதைப் போட்டால் கேக்கில் எண்ணெய் கசியும். ‘பிழிமாவு’ என்றால் இடியாப்பத்துக்கும் முறுக்குக்கும் பிசைந்த மாவு நினைவுக்கு வரும். ‘எச்சம்’ பறவைகளோடு ஒட்டிவிட்ட சொல். சோயாப்பால் பிழிந்த மிச்சத்துக்கு ஜப்பானியர் வைத்திருக்கும் ‘ஒக்கரா’ என்ற பெயரை அப்படியே எடுத்தாளலாம் என்றால், நம்மிடம் ஏற்கெனவே ஒக்காரை என்ற தீபாவளிப் பலகாரம் இருக்கிறது.

ஆகவே நான் முன்வைக்கும் சொல் ‘பிழிமீதி’. ஊறுகாய், சுடுசோறு போல இதுவும் வினைத்தொகை. பிழிந்தபின் மீதியானது என்ற பொருள் கேட்டவுடன் விளங்கும். கழிவு என்ற சொல்லிலேயே கொட்டிவிடலாம் என்ற அனுமதி ஒளிந்திருக்கிறது. மீதி என்ற சொல்லில் அது இல்லை. ஓணத்தை ஒட்டி எங்கள் பகுதி வீடுகளில் பிரதமன் என்ற பாயசத்துக்கு மூன்று முறை தேங்காய்ப்பால் எடுத்தபின், தென்னை மூட்டிலோ கோழிகளுக்கோ கொட்டப்படும் தேங்காயைப் பார்க்கும்போதெல்லாம், இதற்கு உணவுப் பெயர் ஒன்று இருந்திருந்தால் இத்தனையும் அடுக்களையை விட்டு வெளியே போயிருக்காது என்றே எனக்குத் தோன்றுகிறது.

வரையறையில் பிழிதலோடு உலர்த்துதலையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். ஈரமாக வைத்தால் அது விரைவில் புளித்துவிடும். இறுகப் பிழிந்து, தட்டில் மெல்லியதாகப் பரப்பி, குறைந்த சூட்டில் ஓவனில் வைத்து, விரலால் நசுக்கினால் மணல்போல் உதிரும் நிலை வந்தபின்தான் அரைக்க வேண்டும். அப்போதும் சிறிது எண்ணெய் தங்கியிருப்பதால், காற்றுப் புகாத போத்தலில் குளிர்பெட்டியில் வைக்காவிட்டால் காறல் வாடை வந்துவிடும். மொத்த மாவில் கால் பங்குக்கு மேல் இது சேர்ந்தால் கேக் வறண்டு பொடிந்துபோகும். மீதிப் பங்குக்கு அரிசி மாவும் மரச்சீனி (மரவள்ளி) மாவும் சேர்த்து, தோல் கறுத்துக் குழைந்த மட்டி வாழைப்பழத்தை மசித்து, கோதுமையின் பிடிப்புக்கு ஈடாகச் சிறிது இசப்கோல் கலந்தால் துண்டு உடையாமல் நிற்கும்.

ஈரமாக இருப்பதைப் பிழிமீதி என்றும், உலர்த்தி அரைத்ததைப் பிழிமீதி மாவு என்றும் பிரித்து வழங்கலாம். முன்னால் பொருளின் பெயரைச் சேர்த்தால் தேங்காய்ப் பிழிமீதி மாவு, பாதாம் பிழிமீதி மாவு, சோயாப் பிழிமீதி மாவு என்று ஒரே சொல் எல்லாவற்றுக்கும் உதவும். கரும்பு, ஆரஞ்சு போன்றவற்றின் சாறு பிழிந்த மிச்சத்துக்கும் இதை நீட்டலாமா என்பதில் எனக்கு இன்னும் தெளிவு இல்லை. பால் எடுப்பவற்றோடு நிறுத்திக்கொள்வது நல்லது என்று இப்போதைக்கு நினைக்கிறேன். தேங்காய்த் துருவலைத் தேங்காய்ப்பூ என்று அழகாகச் சொல்லும் ஈழத்து நண்பர்கள், பால் பிழிந்தபின் அந்தப் பூவை வீட்டில் என்ன பெயர் சொல்லி அழைக்கிறார்கள் என்பதைத் தெரிவித்தால், முடிவெடுக்கும் முன் அதையும் சேர்த்துப் பார்க்கலாம்.