செவ்விலைக் குட்டை டேன்டேலியன்: இலை பச்சையாவது ஏன்?

கேள்வி:
வணக்கம். ஸ்காட்லாந்தில், கிளாஸ்கோவுக்கு அருகில் இருக்கிறோம். கருஞ்சிவப்பு இலைகளுடன் தரையோடு தரையாக வளரும் ஃபேரோயென்ஸ் வகை டேன்டேலியன் (மஞ்சள் பூப்பூத்து, பஞ்சுபோல் விதை பறக்கும் புல்வெளிக் களைச்செடி இனம்) கன்று ஒன்றை, மாட்டெரு கலந்த பாத்தியில் நட்டிருக்கிறேன். செழிப்பாகவே இருக்கிறது, ஆனால் புதிய இலைகள் நீண்டு, பச்சையாக வருகின்றன. பக்கத்துப் புல்வெளியில் உள்ள சாதாரண டேன்டேலியனுடன் கலந்துவிட்டதா? விதை பறந்து அண்டை வீட்டாருக்குத் தொல்லையாகுமோ என்ற தயக்கமும் இருக்கிறது.

பதில் 1:
மகரந்தம் எங்கிருந்து வந்தாலும், நட்ட செடியின் இலை அதனால் மாறாது. பிரிட்டனில் வளரும் டேன்டேலியன்களில் பெரும்பாலானவை மகரந்தச் சேர்க்கை இல்லாமலே விதை பிடிப்பவை என்பதால், நாற்றுகளும் பெரும்பாலும் தாய்ச்செடியை அப்படியே ஒத்திருக்கும். பச்சைக்குக் காரணம் எருதான் என்று நினைக்கிறேன். தழைச்சத்து மிகுந்தால் இலை நீண்டு பச்சை ஏறும். நல்ல வெயிலும் குளிரும் செம்மையைக் கூட்டும். சரளைக்கல் கலந்த, எருவிடாத மண்ணுக்கு மாற்றுங்கள். மலைப்பகுதியின் ஈரமான இடங்களில் இயல்பாக வளரும் செடி என்பதால், வேர் அடியோடு காய்ந்துவிடவும் விடாதீர்கள். ஆணிவேர் ஆழமாக இறங்கும். தட்டையான தொட்டி வேண்டாம்.

பதில் 2:
பரவலைத் தடுக்க, பூ மூடிக்கொள்ளும் கட்டத்தைக் கவனித்தால் போதும். பூத்து முடிந்த தலை சில நாள் மூடியிருந்து, பிறகுதான் பஞ்சுருண்டையாக விரியும். இன்னும் மலராத மொட்டின் நுனி மழுங்கலாக இருக்கும். பூத்து மூடிய தலையோ கூம்பாகி, உச்சியில் வாடிய இதழ்க் கற்றையை வைத்திருக்கும். அதைக் கிள்ளி எடுத்துவிடுங்கள். கிள்ளியதை உரக்குழியில் மட்டும் போடாதீர்கள், பறித்த பிறகும் அதற்குள் விதை முற்றிவிடும். இடம் மாற்றும்போது பழைய குழியில் வேர்த்துண்டு தங்கினாலும் முளைக்கும், ஆகவே ஆழமாகத் தோண்டுங்கள்.

கேட்டவர்:
மிக்க நன்றி. ஆழமான கல்தொட்டி ஒன்று வெயில்படும் பக்கத்தில் சும்மா கிடக்கிறது, அதற்கே மாற்றிவிடுகிறேன். புல்வெளிக்கு அடிக்கும் களைக்கொல்லி இதையும் பாதிக்குமா?

பதில் 1:
நிச்சயமாகப் பாதிக்கும். அகன்ற இலைக் களைகளைக் கொல்லும் மருந்துக்கு இதுவும் டேன்டேலியன்தான். காற்று வீசும் நாளில் அடிக்காதீர்கள். நத்தைகளையும் பார்த்துக்கொள்ளுங்கள், இளம் இலைகளை இரவோடு இரவாகத் தின்றுவிடும்.