முன்னுக்கு வந்துட்டான்னு எதை வச்சு சொல்றோம்? ரங்கூன் ஆளுங்க சொல்லுங்க

பயின்னாங்_கணக்கன்:

வணக்கம் எல்லாருக்கும். வீட்டுல கேட்டா சண்டையில முடியுது, அதான் இங்க போடறேன். நான் பயின்னாங் மார்க்கெட்ல ஒரு பருப்பு கம்பெனில கணக்கு பாக்கறேன், எல்சிசிஐன்ற லண்டன் கணக்குப் பரீட்சை மூணாவது லெவல் வரைக்கும் முடிச்சிருக்கேன், சம்பளம் வாய்க்கும் வயித்துக்கும் சரியா போகுது. பெரியம்மா பையன் சிங்கப்பூர்ல வீடு வாங்கின போட்டோ வந்ததுல இருந்து எங்கம்மா என்னை பாக்கற பார்வையே வேற. ஜப்பான் பாஷை கிளாஸ் சேரு, என்4ன்ற ஜப்பான் பாஷை பரீட்சை பாஸ் பண்ணு, முதியோர் இல்லத்துல வேலை இருக்குன்னு தினம் ஒரே பாட்டு. அப்பா என்னடான்னா தோசைக் கடையை எடுத்து நடத்துன்றார்.

எங்கூட படிச்சதுல ஒருத்தன் பத்தாங்கிளாஸ்ல ஆறு பாடத்துல டி (டிஸ்டிங்ஷன்) வாங்கினான், டாக்டருக்கு சேர்ந்தான், இப்ப நாட்டு நிலைமையில வீட்டுல உக்காந்திருக்கான். படிப்பே ஏறாத இன்னொருத்தன் ஃபோன் கவர் வித்து ரெண்டு கடை போட்டுட்டான். உழைச்சா முன்னுக்கு வரலாம்னு கேட்டு கேட்டு காது புளிச்சுப் போச்சு, உழைக்கிறவன் எல்லாம் வந்துட்டானா என்ன? நீங்க யாரை பாத்து இவன் ஜெயிச்ச ஆளுன்னு சொல்வீங்க, அந்த ஆளு எப்படி அங்க போனான்? தத்துவம் வேணாம், கண்ணால பாத்ததை சொல்லுங்க.

மொகல்தெரு_தாத்தா:

தம்பி, கண்ணால பாத்தது தானே, சொல்றேன். 1964 மார்ச்ல கடைகளை எல்லாம் கவர்மென்ட் எடுத்துக்கிச்சு, நான் அப்ப சின்னப் பையன். மே மாசம் 50, 100 சாட் (பர்மா பணம், கியாட்) நோட்டு செல்லாதுன்னாங்க. கடையும் போச்சு, பெட்டியில இருந்ததும் போச்சு. லட்சக்கணக்குல நம்ம ஜனங்க கப்பல் ஏறிட்டாங்க. எங்க தெருவுல ஒரு ஜவுளிக்கடைக்காரர் மட்டும் போகல. கடை சாவியை ஒப்படைச்சுட்டு வீட்டுக்கு வந்து, தான் யார் யாருக்கு பாக்கி வச்சிருக்கோம்னு ஒரு தாள்ல எழுதி, மறுநாளே வீடு வீடா போய் "இப்ப கையில இல்ல, இந்த மாசம் இவ்வளவு தரேன்"னு சொல்லிட்டு வந்தார். கடையே இல்லாத மனுஷன் கடனுக்கு தவணை சொல்றார், ஜனங்க சிரிச்சாங்க. ஆனா கொஞ்சம் கொஞ்சமா அடைச்சார். பிறகு 1985ல மறுபடி நோட்டு செல்லாம போச்சு, 1987 செப்டம்பர்ல 25, 35, 75 சாட் நோட்டை செல்லாதுன்னு சொல்லி ஒரு காசு கூட மாத்திக் குடுக்கல, அதுக்கப்புறம் 45, 90ன்னு ஒன்பதால வகுபடற நோட்டு அடிச்சு விட்ட கூத்தெல்லாம் உங்களுக்குத் தெரியாது. அப்ப அவருக்கு மட்டும் தட்டோன்லயும் மோல்மேன்லயும் எழுத்து இல்லாம சரக்கு குடுத்தாங்க. நான் ஜெயிச்ச ஆளுன்னு சொன்னா அவரைத்தான் சொல்வேன். சாகும்போது வாடகை வீட்டுல தான் இருந்தார், அதையும் சொல்லிடறேன்.

மோல்மேன்_அக்கா:

ஐயா சொல்றதை மதிக்கிறேன். ஆனா அவர் தெரு தெருவா தவணை சொல்லிட்டு வந்தாரே, அன்னைக்கு ராத்திரி சோத்துக்கு அரிசி யார் கடன் கேட்டு வாங்கினா? அந்தம்மாவை பத்தி ஒரு வரி கூட இல்லையே ஐயா 🙂

தம்பி என் கணக்கு சின்னது. எங்க வீட்டுக்காரர் கப்பல் வேலை, பணம் வந்தா வந்தது இல்லன்னா இல்ல. நான் காலையில முளைகட்டின பயறு வேகவச்சு விக்க ஆரம்பிச்சேன், பிறகு இட்லி தோசை. இப்ப கரென்ட் எப்ப வரும்னு யாருக்கும் தெரியாது, நடுராத்திரி ஒரு மணிக்கு வந்தா அப்பவே எந்திரிச்சு கிரைண்டர்ல மாவு போடணும், பாதி அரைக்கும்போது போயிடுச்சுன்னா மீதியை ஆட்டுக்கல்லுல ஆட்டணும். அதனால ஊற வைக்கும்போதே ரெண்டு பாத்திரமா ஊற வைப்பேன், ஒண்ணு போனாலும் ஒண்ணு நிக்கும். இந்த ஊர்ல சின்ன வியாபாரம் பண்றவங்களை சாகடிக்கறது தினவட்டி தான், காலையில வாங்கி சாயங்காலம் வட்டியோட கட்டறது, அதுல மாட்டினவங்க எவ்வளவு உழைச்சாலும் உழைப்பு அடுத்தவன் பைக்குத்தான் போகும். நாங்க பொம்பளைங்க சேந்து சீட்டு போட்டு, என் முறை வந்தப்ப மொத்தமா வாங்கி தினவட்டிக்காரனை முடிச்சு விட்டேன். அன்னையில இருந்து அவன் தெருவுல போனா நான் தலை நிமிந்து தோசை சுடறேன், எனக்கு அது போதும். மத்தவங்களுக்கு போதாதுன்னா அது அவங்க பாடு.

உளுந்து_புரோக்கர்:

தம்பி நீ நம்ம மார்க்கெட் ஆளா, அப்ப உனக்கு 2017 கதை தெரிஞ்சிருக்கணும், இல்ல அப்ப ஸ்கூல்ல இருந்திருப்ப. அதுக்கு முந்தி ரெண்டு வருஷம் இந்தியாவுல பருப்பு விலை எகிறிச்சு, இங்க எல்லாரும் உளுந்தும் துவரையும் போட்டுத் தள்ளினாங்க, வியாபாரிங்க கடன் வாங்கி குடோன் நிறைச்சாங்க. ஆகஸ்ட்ல டில்லியில இருந்து ஒரு ஆர்டர், இறக்குமதி இவ்வளவு டன்னுக்கு மேல கிடையாதுன்னு. விலை தலைகுப்புற விழுந்துச்சு. மார்க்கெட்ல ரொம்ப கெட்டிக்காரன்னு பேர் எடுத்த ஒருத்தர் அந்த வருஷமே காலி, விடியக்காலை நாலு மணிக்கு மார்க்கெட் வர்ற மனுஷன். நானெல்லாம் தப்பிச்சேன்னா அறிவு இல்ல, சரக்கு வாங்கி வைக்க என்கிட்ட காசு இல்ல, வெறும் கமிஷன். 2021ல இந்தியாவோட ஒப்பந்தம் ஆச்சு, வருஷம் 2.5 லட்சம் டன் உளுந்து, 1 லட்சம் டன் துவரை, அஞ்சு வருஷத்துக்கு. அதுவரைக்கும் தாக்குப்பிடிச்சு நின்னவனுக்கு வழி தெரிஞ்சுது. நிக்க முடிஞ்சது யாருக்கு? மச்சான் கை குடுத்தவனுக்கு, பொண்டாட்டி நகை இருந்தவனுக்கு.

செட்டியாருங்க கதையும் அப்படித்தான். 1930ல கீழ்பர்மாவோட முக்கியமான நெல் ஜில்லாக்கள்ல நூத்துக்கு 6 பங்கு நிலம் அவங்க கையில, 1937 வாக்குல 25. படிச்சா பெரிய வெற்றி மாதிரி இருக்கும், ஆனா அவங்க நிலத்தையா கேட்டாங்க, குடுத்த பணத்தை கேட்டாங்க. நெல் விலை விழுந்து குடியானவன் கட்ட முடியாம நிலம் வந்து சேந்துச்சு, ஊர் வெறுப்பும் கூடவே வந்துச்சு. 1948ல நிலத்தை கவர்மென்ட் எடுத்துக்க சட்டம் வந்துடுச்சு. அவங்க உழைப்புலயும் கணக்குலயும் குறை சொல்ல முடியுமா? அதனால ஜெயிச்சவன் எல்லாம் அதிர்ஷ்டக்காரன்னு சொல்லல, ஆனா அதிர்ஷ்டம் வர்ற வரைக்கும் உக்காந்திருக்க ஒரு திண்ணை வேணும். அதைப் பத்தி ஜெயிச்சவன் வாயே திறக்க மாட்டான், எல்லாம் என் உழைப்புன்னுவான்.

தெம்பினிஸ்_தமிழன்:

நானும் உங்க பெரியம்மா பையன் கேஸ் தான். போட்டோவுல பேங்க் லோன் தெரியாது தம்பி. பிஆர் (நிரந்தரமா தங்கற அனுமதி) கிடைக்கிற வரைக்கும் ஒரு ரூம்ல நாலு பேர், அந்த போட்டோ யாரும் அனுப்பல. அதுக்காக வந்தது தப்புன்னு சொல்ல மாட்டேன், தங்கச்சி படிப்பு முடிஞ்சுது, அப்பாவுக்கு கண் ஆபரேஷன் ஆச்சு. ஒரு விஷயம், போறதா இருந்தா சீக்கிரம் முடிவு பண்ணுங்க. 2024ல ராணுவ சேவை சட்டத்தை நடைமுறைக்கு கொண்டு வந்ததுல இருந்து ஆம்பளைங்க வெளிநாட்டு வேலைக்கு கிளம்பறது பழைய மாதிரி லேசு இல்ல.

பயின்னாங்_கணக்கன்:

எல்லாருக்கும் நன்றி. அக்கா, எங்க வீட்டுலயும் ராத்திரி மாவு கதை அதே தான், கிரைண்டர் சத்தத்துல தான் தூக்கமே கலையும். தாத்தா, நீங்க சொன்ன மனுஷரை ரொம்ப பிடிச்சுது, ஆனா ஒண்ணு கேக்கறேன் கோவிச்சுக்காதீங்க, இப்ப எனக்கு எழுத்து இல்லாம சரக்கு குடுக்க யார் இருக்கா? பாக்கி வைக்கிற அளவுக்கு கூட யாரும் நம்மள நம்பலையே.

மொகல்தெரு_தாத்தா:

கோவம் எதுக்கு. அவருக்கும் உன் வயசுல யாரும் குடுக்கல. துணிக்கடையில மடிச்சு அடுக்கற வேலை தான் பாத்தார்.

உளுந்து_புரோக்கர்:

கணக்கு மட்டும் தான் பாக்கறியா, சாம்பிள் தொட்டிருக்கியா? உளுந்துல எஃப்ஏக்யூ (சாதா ரகம்), எஸ்க்யூ (உசத்தி ரகம்) கலந்து வச்சா கண்ணால பிரிக்கத் தெரியுமா?

பயின்னாங்_கணக்கன்:

தெரியும் அண்ணே. எஸ்க்யூ கொட்டை பெருசு. தட்டுல கொட்டி கல்லு, உடைசல், வண்டு அடிச்சதுன்னு ஒதுக்கி பாப்பேன், ஆள் வராத அன்னைக்கு நான் தான் பாத்து எழுதறேன்.

உளுந்து_புரோக்கர்:

அப்ப ஏன் இன்னும் கணக்கு சம்பளத்துல இருக்க? ஜப்பான் கிளாஸ் சாயங்காலம் தானே, அதையும் விடாத. காலையில மார்க்கெட் ஆரம்பிக்கறதுக்கு முந்தி என்னைய வந்து பாரு, டீக்கடை எதுன்னு தனியா மெசேஜ் போடறேன். கமிஷன் எனக்கு முக்கால் உனக்கு கால், முதல் சீசன் முடியற வரைக்கும் அதுல பேரம் கிடையாது.

மோல்மேன்_அக்கா:

முக்காலா, கொள்ளை. தம்பி மூணுல ஒரு பங்கு கேளு. அதுசரி புரோக்கர் அண்ணே, இன்னைக்கு உளுந்து வீசை என்ன போகுது அங்க? எங்க ஊர் கடைக்காரன் நேத்து ஒரு விலை இன்னைக்கு ஒரு விலை சொல்றான்.