எண்ணூர்க் கழிமுகத்தில் மடவைக் கூட்டம்: கண்டவர்களின் அனுபவப் பகிர்வு

எண்ணூரிலிருந்து:

கொசஸ்தலையாறு கடலில் கலக்கும் முகத்துவாரத்தில் ஓதம் ஏறும்போது, சாம்பல் முதுகும் வெள்ளி விலாவும் கொண்ட மடவை மீன்கள் நீர்மட்டத்தை ஒட்டிக் கூட்டமாக உள்ளே வருவதைப் பலமுறை பார்த்திருக்கிறேன். கரையில் நிற்பவர் வீச்சு வலையை எறிந்தால், அது விரிந்து நீரைத் தொடுவதற்குள் முன்வரிசை மீன்கள் திரும்பிவிடும். அவற்றைப் பார்த்தே பின்வரிசையும் திரும்பும். அதற்குள் சிக்கிக்கொண்ட சில, வலையின் ஓரத்தைத் தாண்டித் துள்ளித் தப்பிவிடும். இரைதேடும் கொடுவா மீன் துரத்தும்போது துள்ளுவது எளிதில் விளங்குகிறது. ஆனால் துரத்த எதுவுமே இல்லாத அமைதியான கழியிலும் அவை துள்ளுகின்றன. உயிர்வளி குறைந்த நீரில், தொண்டைக்கு மேலுள்ள குழிவில் காற்றை நிரப்பிக்கொள்ளவே அப்படித் துள்ளுகின்றன என்று ஒரு விளக்கம் உண்டு. கோடையில் கழிநீர் தேங்கிக் கிடக்கும் நாட்களில் துள்ளல் மிகுவதைப் பார்த்தபின், இந்த விளக்கத்தை என்னால் எளிதில் தள்ள முடியவில்லை.

காசிமேட்டிலிருந்து:

நான் மடவையை அறிந்தது பெரும்பாலும் அரிவாள்மணையில்தான். அதன் வயிற்றைப் பிளந்தால், தானியம் அரைக்கும் கோழியின் இரைப்பையைப் போலத் தடித்த தசைச் சுவர் கொண்ட இரைப்பையும், உடலைவிடப் பல மடங்கு நீண்டு சுருண்ட குடலும், அவற்றினுள் கருஞ்சேறும் இருக்கும். அடிமண்ணின் மேற்படலத்தை உறிஞ்சி, அதிலுள்ள நுண்பாசிகளையும் மட்கிய இலைதழைகளையும் மணல் துகள்களோடு சேர்த்து அரைத்துச் செரிக்கும் மீன் இது. சேற்று வாடை என்று சொல்லி இதை ஒதுக்குகிறவர்கள் எங்கள் தெருவிலேயே உண்டு. வயிற்றின் கருஞ்சவ்வை நன்றாகச் சுரண்டிவிட்டு, புளியைச் சற்றுக் கூட்டிக் குழம்பு வைத்தால் அந்த வாடை பெரிதும் அடங்கிவிடும் என்பது என் அனுபவம்.

திருவொற்றியூரிலிருந்து:

காசிமேட்டு நண்பர் கூறிய உணவுப் பழக்கமே எனக்குக் கவலை தருகிறது. நன்னீர், உவர்நீர், கடல்நீர் மூன்றையும் தாங்கும் மீன் என்றாலும், அடிமண்ணில் எது படிகிறதோ அதுவே அதன் வயிற்றுக்கும் போகிறது. அனல்மின் நிலையச் சாம்பல் இந்தக் கழியில் நெடுங்காலமாகப் படிந்து வருகிறது. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு எண்ணெயும் பரவியபோது, அலையாத்திச் செடிகளின் அடியும் சேற்றுத்திட்டுகளும் கருத்துப்போனதை நான் நேரில் பார்த்தேன். அது நேர்ந்த காலமும் மடவைகளுக்குப் பொல்லாதது. முதிர்ந்த மடவைகள் முட்டையிடுவது கழியில் அன்று, கடலில்தான். வடகிழக்குப் பருவமழையில் ஆறு பெருகி முகத்துவாரம் அகலும்போது சினை மீன்கள் வெளியேறுகின்றன. கடலில் பொரித்த குஞ்சுகள் விரற்கடை நீளம் வளர்ந்ததும் கழிக்கும் பக்கிங்காம் கால்வாய்க்கும் திரும்புகின்றன. எனவே சேறு தூய்மையாக இருந்தால் மட்டும் போதாது. முகத்துவாரத்தில் மணல் மேடிட்டு வழி அடைபட்டால், போகும் மீனுக்கும் வரும் குஞ்சுக்கும் பாதை இருக்காது. சினையைப் பற்றி ஒரு சிறு செய்தி: உப்பிட்டு உலர்த்திய மடவைச் சினை இத்தாலியிலும் ஜப்பானிலும் தைவானிலும் விலையுயர்ந்த பண்டம். எங்கள் வீட்டில் அது பிள்ளைகளுக்கு வறுத்துக் கொடுக்கும் துண்டு, அவ்வளவுதான்.