ஆச்சியின் கோலக்கை: பார்த்தவர்கள் அளவோடு எழுதி வையுங்கள்

மூத்த பேத்தி:
மார்கழி பிறக்கப் போகிறது. திருநெல்வேலி டவுனில், பல வீடுகள் சேர்ந்த எங்கள் வளவு வாசலில் ஆச்சி இல்லாத முதல் மார்கழி. ஆச்சிக்குக் கோல நோட்டு என்று ஒன்று கிடையாது, எல்லாம் அவள் கையிலேயே இருந்தது. ஆகவே "அழகாகப் போடுவாள்" என்பதோடு நிறுத்தாமல், என்ன அளவு, எந்தப் பதம் என்று எழுதுங்கள். பொடியிலிருந்து தொடங்குகிறேன்.

கடையில் வாங்கும் வெள்ளைக்கல் பொடியை அவள் அப்படியே தொட மாட்டாள். இரண்டு சல்லடை வைத்திருந்தாள். பெரிய கண் சல்லடையில் நிற்கும் கப்பியை ஒதுக்குவாள். சின்னக் கண் சல்லடையில் இறங்கும் தூசியையும் ஒதுக்குவாள். இரண்டுக்கும் நடுவே தங்கும் ரவைப் பதம்தான் கோலத்துக்கு. மூன்று படிப் பொடிக்கு ஒரு படி பச்சரிசி மாவு. அரிசியை ஊறவைத்து நிழலில் உலர்த்தி, விரலில் நெருநெருவென்று படும்படி திரிக்க வேண்டும். நைசாகிவிட்டால் விரலிடுக்கில் ஒட்டிக்கொண்டு இழை விட்டு விட்டு விழும்.

தரைப் பதம் அதைவிட முக்கியம். சாணி தெளித்துப் பெருக்கிய பிறகு, நடந்தால் பாதம் பதியக் கூடாது, தூசியும் கிளம்பக் கூடாது. ஈரம் கூடினால் பொடி ஊறி இழை தடிக்கும். காய்ந்துவிட்டால் வாடைக்காற்று வாரிக்கொண்டு போய்விடும். "ஏட்டி, தரையத் தொட்டுப் பாத்துட்டுப் பொடிய எடு" என்பாள்.

கடைசி மருமகள்:
அத்தை புள்ளி எண்ணாமல் இழை தொட்டதில்லை. ஒரு வரிசையின் இரண்டு புள்ளிக்கு நடுவே அடுத்த வரிசைப் புள்ளி விழுவது ஊடுபுள்ளி. 15இல் தொடங்கி 8இல் முடியும் ஊடுபுள்ளிக்கு 15 வரிசை, மொத்தம் 169 புள்ளி. நடு வரிசையின் பதினைந்தை முதலில் வைப்பார்கள். பிறகு மேலே ஏழு வரிசை, கீழே ஏழு வரிசை. ஓரத்து எட்டில் தொடங்கினால் சிறு பிசகும் வரிசைக்கு வரிசை கூடி, கோலமே ஒரு பக்கம் சாய்ந்துவிடும். புள்ளிக்குப் புள்ளி நான்கு விரற்கிடை, குறுகிய வாசலென்றால் மூன்று.

சிக்குக் கோலத்தில்தான் அவர்கள் அறிவு தெரியும். புள்ளிக்கு நேர் கீழே புள்ளி வைக்கும் நேர்ப்புள்ளியில் 4 வரிசை, வரிசைக்கு 5 புள்ளி வைத்தால், எல்லாப் புள்ளியையும் சுற்றி ஒரே இழையில் தொடங்கிய இடத்துக்கே வந்துவிடலாம். 5க்கு 5 வைத்தால் ஐந்து தனித்தனி இழை. 4க்கு 6 என்றால் இரண்டு. இரண்டு எண்ணையும் மீதியில்லாமல் வகுக்கிற பெரிய எண் எதுவோ, அத்தனை இழை. அத்தை இதை வகுத்தல் கணக்காகச் சொன்னதில்லை. "ஒண்ணுக்கொண்ணு ஒட்டாத எண்ணாப் பாத்து வையி" என்பதுதான் அவர்கள் வாய்ப்பாடு. இரண்டு புள்ளிக்கு நடுவே இழை குறுக்கே வெட்டிப் போக வேண்டும். எங்காவது ஓரிடத்தில் வெட்டாமல் வளைத்துத் திருப்பினால் ஒற்றை இழை இரண்டாகப் பிரிந்து போகலாம். கடைசியில் இழை சேராமல் நிற்பவர்கள் பொடியை அழிக்கும் முன், எங்கே திருப்பினோம் என்று தேட வேண்டும்.

மாக்கோலத்தை மதினி எழுதட்டும்.

மூத்த மகள்:
அம்மைக்குக் கால் படி பச்சரிசி போதும், பட்டாசல் என்கிற கூடம் முழுக்க வரும். இரண்டு மணி நேரம் ஊற வைத்து அம்மியில் வெண்ணெயாக அரைத்து, தோசைமாவைவிட நீர்க்கக் கரைப்பாள். புழுங்கலரிசி ஆகாது, அந்த வெண்மை வராது. முந்தின நாள் மாவும் ஆகாது, புளித்து வாடை அடிக்கும்.

துணி உள்ளங்கை அகலத்துக்கு, நைந்த வேட்டியில் கிழித்தது. கஞ்சி போகாத புதுத்துணி மாவை உறிஞ்சாது. நனைத்த துணியை உள்ளங்கையில் அடக்கிக் கட்டைவிரலால் அமுக்கினால், மாவு மோதிர விரல் வழியே இறங்கும். கோடு இழுப்பது மோதிர விரல்தான். போடும்போது மங்கலாகத்தான் தெரியும், காய்ந்த பிறகுதான் வெளுக்கும். இது தெரியாமல் மேலே மேலே பூசினால் கெட்டிப்பட்டுப் பொருக்காக உரியும். வெள்ளை நன்றாகக் காய்ந்த பிறகே சுற்றிக் காவி. அவசரப்பட்டால் சிவப்பு வெள்ளைக்குள் இறங்கிவிடும்.

பக்கத்து வளவு:
சிறுவீட்டை யாரும் சொல்லவில்லையே! ஆச்சியின் கைத்திறன் முழுவதும், பிள்ளைகளுக்காக மண்ணில் சின்ன வீடு கட்டி அதில் பொங்கலிடும் சிறுவீட்டுப் பொங்கலில்தான் இருந்தது. முற்றத்தில் ஒரு சாண் உயரச் சுவர் எழுப்பி, முன்புறத் தார்சா, பட்டாசல், அடுப்படி எல்லாம் வைத்து வீடு கட்டுவார்கள். அடுப்படி எப்போதும் தென்கிழக்கு மூலையில். வெறும் களிமண் வெடிக்கும் என்று மணலும் பொடியாக நறுக்கிய வைக்கோலும் சேர்த்து மிதித்து, ஒருநாள் மூடி வைத்துத்தான் எடுப்பார்கள். சுவரை ஒரே மூச்சில் உயர்த்த மாட்டார்கள். நாலு விரல் உயரம் எழுப்பி, அது இறுகிய பிறகு அடுத்தது. இல்லாவிட்டால் அடி பிதுங்கும். சுவருக்கு முதலில் காவி, அது காய்ந்த பின் வெள்ளை இழை. தரைக்கு நேர்மாறு.

மார்கழி முழுக்கப் பூசணிப்பூ செருகி வைத்த சாணி உருண்டையைப் பூவோடு சேர்த்து வரட்டியாகத் தட்டுவதுதான் பூவரட்டி. மெல்லிசாக, உள்ளங்கை அளவில். கனமாகத் தட்டினால் அந்த மாத வெயிலுக்கு உள்ளே காயாமல் பூஞ்சணம் பிடிக்கும். பொங்கலிட்ட அன்று சாயந்திரம் பிள்ளைகளைக் குறுக்குத்துறைக்குக் கூட்டிப் போய், பொங்கலும் பூவரட்டியும் சூடமும் வைத்துத் தாமிரபரணியில் விடுவார்கள். படித்துறை ஓரத்துத் தேங்கலில் விட்டால் சுற்றிச் சுற்றிக் கரைக்கே வரும். ஓட்டம் இருக்கிற இடமாகப் பார்த்துப் பெரியவர்கள் யாராவது இறங்கித்தான் விட வேண்டும்.

மூத்த மகள்:
ஒரு திருத்தம். மூன்று படிக்கு ஒரு படி அரிசிமாவு என்பது கோடைக் கணக்கு. மார்கழிப் பனியில் அரிசிமாவு கட்டி தட்டும், அதனால் அம்மை அரைப் படியாகக் குறைத்துக்கொள்வாள். எறும்புக்குக் குறையக் கூடாதென்று, கோலம் முடிந்ததும் ஒரு பிடி மாவைத் தனியாக எடுத்து நடுப்புள்ளியில் வைத்துவிட்டு எழுந்திருப்பாள்.