வாள் மாடல் பொம்மை மாதிரி தெரியுது, எங்க இடிக்குது?

வெட்டுக்கிளி:
ஒரு சின்ன இண்டி கேமுக்கு லாங்ஸ்வோர்ட் டைப்ல ஒரு ஃபேன்டசி வாள் பிளெண்டர்ங்கிற 3டி சாஃப்ட்வேர்ல பண்ணிட்டு இருக்கேன், தேர்ட் பெர்சன் கேம், ரெண்டு கையால பிடிச்சு வீசுற அனிமேஷன். பிளேடு 100 செ.மீ நீளம், 12 செ.மீ அகலம், நடுவுல 2 செ.மீ தடிமன், கைப்பிடி 14 செ.மீ. ரூன் எழுத்து (பழைய வட ஐரோப்பிய எழுத்து), கீறல், துரு எல்லாம் சப்ஸ்டன்ஸ் பெயின்டர்ல (மாடல் மேல பெயின்ட் பண்ற சாஃப்ட்வேர்) போட்டாச்சு, டீட்டெயிலுக்கு குறையே இல்ல. ஆனா கேம் எஞ்சின்ல ஏத்தி பாத்தா திருவிழா கடைல விக்கிற பிளாஸ்டிக் கத்தியாட்டம் இருக்கு. மெட்டாலிக் (உலோகத்தன்மை) 0.5, ரஃப்னஸ் (சொரசொரப்பு) 0.4. இன்னும் பாலிகான் (மாடல உண்டாக்குற சின்ன சின்ன தட்டை முகங்கள்) கூட்டணுமா?

பட்டறைவாசி:
பாலிகான்ல கை வைக்காதீங்க ப்ரோ, மொதல்ல எடைய பாருங்க. டைமண்ட் குறுக்குவெட்டுன்னு வச்சா உங்க அளவுக்கு 1200 கன செ.மீ வருது, ஸ்டீல் ஒரு கன செ.மீ சுமார் 7.85 கிராம், ஆக பிளேடு மட்டுமே 9.4 கிலோ!! நெஜ லாங்ஸ்வோர்ட் கைப்பிடியோட சேத்தே பெரும்பாலும் 1.1ல இருந்து 1.8 கிலோக்குள்ள தான். விளையாடுறவனுக்கு இந்த கணக்கு தெரியாது, ஆனா கேரக்டர் அத அசால்ட்டா சுழட்டும்போது கண்ணுக்கு உறுத்தும்.

முக்கியமா தடிமன். நெஜத்துல கார்டு (கைய காக்குற குறுக்கு கம்பி) கிட்ட ஒரு 6 மி.மீ இருக்கும், நுனிக்கு போக போக 2, 3 மி.மீ ஆயிரும். நெறைய பேர் அகலத்த மட்டும் குறைச்சிட்டு தடிமன கடைசி வரைக்கும் அப்படியே விட்டுர்றாங்க, பாதி வாள் அதுலயே செத்துரும். அப்புறம் ஃபுல்லர்னு சொல்ற அந்த நீள பள்ளம், ரத்தம் வடியறதுக்குன்னு யாராவது சொன்னா நம்பாதீங்க, எடைய குறைக்கத்தான். கைப்பிடி ரெண்டு கைக்கு 20 செ.மீயாவது வேணும், 14ல ரெண்டாவது கை எங்க போகும்?

ரெஃபரன்ஸுக்கு நியூயார்க் மெட் மியூசியம் சைட் போங்க, நெறைய வாளுக்கு நீளம், அகலம், எடை எல்லாம் போட்டிருப்பாங்க.

கேமரா கோணம்:
அண்ணன் சொல்றது ஃபர்ஸ்ட் பெர்சனுக்கு சரி. தேர்ட் பெர்சன்ல கேமரா தூரத்துல இருக்கும், நெஜ அளவுல 5 செ.மீ அகலம் வச்சா ஒரு கோடு தான் தெரியும், அதுவும் ஓரமெல்லாம் மினுக்கு மினுக்குன்னு ஆடும். வாளோட வெளி உருவம் தூரத்துல இருந்தே தெளிவா தெரியணும்ல. அகலத்த கொஞ்சம் மிகைப்படுத்துங்க, 7 செ.மீ வரைக்கும் போங்க, ஆனா தடிமன்ல மட்டும் பொய் சொல்லாதீங்க. ஃபேன்டசிய கார்டுலயும் பொம்மல்லயும் (கைப்பிடி கடைசில இருக்கிற குமிழ்) காட்டிக்கலாம்.

நார்மல்மேப் நாட்டாமை:
பிளாஸ்டிக் லுக்குக்கு காரணம் அந்த 0.5 தான் தம்பி, அது இரும்பும் இல்ல பெயின்டும் இல்ல. ஸ்டீலுக்கு மெட்டாலிக் 1, தோலுக்கு 0, துரு, அழுக்கு இருக்கிற எடத்துலயும் 0. வித்தியாசத்த ரஃப்னஸ்ல காட்டுங்க. மெட்டாலிக் 1 வச்சதும் கருப்பா தெரிஞ்சா பயந்து திருப்பி குறைக்காதீங்க, பிரதிபலிக்க சுத்தி ஒன்னும் இல்லன்னு அர்த்தம், ஒரு ஹெச்டிஆர்ஐ (சுத்துப்புறத்தையும் வெளிச்சத்தையும் தர்ற 360 டிகிரி படம்) போடுங்க.

நடு முகடும் வெட்டுற ஓரமும் ஸ்மூத் ஷேடிங்ல (விளிம்பு தெரியாம வழவழன்னு காட்டுறது) இருந்தா பிளேடு ஊதுன மாதிரி தெரியும். ரெண்டையும் ஷார்ப்னு மார்க் பண்ணி அதே எடத்துல யூவியயும் (மாடல் மேல்பரப்ப தட்டையா விரிச்ச வரைபடம்) வெட்டிட்டு பேக் பண்ணுங்க, அதாவது டீட்டெயில படமா பதிவு பண்ணுங்க. கீறல் ஜெனரேட்டர் போட்டு ஓரம் பூரா சமமா தேய்ச்சிருப்பீங்கன்னு நினைக்கிறேன் (எல்லாரும் பண்றது தான்), உறைல இருந்து உருவி உருவி வர்ற கீறல் நீளவாக்குல தான் ஓடும், தோல் பிடி கை படுற எடத்துல கருத்து பளபளக்கும்.

வெட்டுக்கிளி:
செம. அடில 7 செ.மீ, நுனி கிட்ட 4, தடிமன் 6ல இருந்து 3 மி.மீ, நீளம் 95னு மாத்துனேன், 3டி பிரிண்ட் டூல்பாக்ஸ்ல வால்யூம் பாத்தா பிளேடு 900 கிராம் கிட்ட வருது. ரூன் எழுத்த என்ன பண்ண, ஆழமா குடையவா?

பட்டறைவாசி:
வேணாம், வைக்கிங் கால உல்ஃப்பெர்ட் வாள் படங்கள பாருங்க, எழுத்த இரும்புலயே பதிச்சு பிளேடோட சமமா தேச்சிருப்பாங்க. நார்மல் மேப்ல (மேடு பள்ளம் இருக்கிற மாதிரி காட்டுற படம்) லேசா ஒரு கோடு, ரஃப்னஸ்ல சின்ன வித்தியாசம், போதும். ரூன் எரியுற மாதிரி எமிஷன் (தானே ஒளிர்றது) வேணும்னா மேஜிக் போடுற நேரம் மட்டும் ஆன் பண்ணுங்க.